மருதமரத்தோட திரும்புவம்

ஒரு பயணத்துக்குத் திட்டம் போட இருந்தால் அக்கா முதலில் கேட்கிறது, வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்து சேர வேணும் என்பதைத்தான். எங்கே போகிறோம் என்பதெல்லாம் பிறகு. பொழுது படமுதல் பாலையூற்றுச் சந்தியில் நிற்க வேணும் என்றால், லொறியில் சைக்கிள்களை எப்போது ஏற்ற வேணும், அதுக்கு முதல் கால்முகம் கழுவி ரீ குடிக்க எவ்வளவு நேரம், அதுக்கு முதல் காத்து எந்தப் பக்கத்தால் அடிக்கும் என்று பின்னுக்குப் பின்னுக்கு எண்ணிக்கொண்டு போவா. எண்ணி முடிகிற இடத்தில்தான் பயணம் தொடங்கும். அந்தக் கணக்கில் நாங்கள் போகிற இடம் எப்பவும் நாங்கள் ஆசைப்பட்ட இடத்துக்குக் கொஞ்சம் இங்கால நின்றுவிடும்.

போனில் வழிப்படத்தைத் திறந்தால் தலைகீழாகத்தான் பிடிப்பா. திருகோணமலை தன் மடிப்பக்கம் இருக்க வேணும், போகிற இடம் அங்கால விரல் நுனியில் இருக்க வேணும். வடக்கு மேலே இருந்தால்தான் எல்லாருக்கும் விளங்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "வடக்கில எனக்கு ஆர் இருக்கினம் பிள்ளை?" என்று கேட்டா. இத்தனைக்கும் நில அளவைக் கந்தோரில் அவவின் வேலையே காணிப் படம் வரைகிறது. நாள் முழுக்க வடக்கை மேலே வைத்து வரைந்துபோட்டு, பின்னேரம் எங்களோடு இருக்கும்போது வீட்டைக் கீழே இழுத்து வைத்துக்கொள்வா.

பெற்றோல் இல்லாத வருசத்தில்தான் அவ எங்களுக்குப் பழக்கம். ஊரே சைக்கிளுக்கு மாறியிருந்தது. நான் கம்பஸ் முடித்துவிட்டு, உப்புவெளியில் இருந்து திருகோணமலை ரவுணுக்கு ஒரு தற்காலிக வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். என்னோடு படித்த றிஸ்வான் கிண்ணியாக்காரன், சைக்கிள் வீடியோப் பைத்தியம். சரளைக்கல்லும் செம்மண்ணுமான கிறவல் றோட்டு எங்களுக்குப் புதிதில்லை. கிறவலுக்கென்றே வெளிநாட்டில் தனியாக ஒரு சைக்கிள் செய்து விற்கிறார்கள் என்பதுதான் புதிது. வாங்க ஏலாது. பழைய சைக்கிள்களுக்கு தடிப்பான ரயர் போட்டு, காண்டிலை மாற்றி, அதுதான் இது என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

அந்தச் சைக்கிள்களோடு ஒரு காலமை உவர்மலை ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறோம். சாறியை இழுத்துச் செருகிக்கொண்டு, கூடை பூட்டின சைக்கிளில் நாற்பதைத் தாண்டிய ஒருத்தி ஆறுதலாக எங்களைக் கடந்து மேலே போனா. இறக்கத்தில் நாங்கள் பிரேக்கைத் தொடாமல் பறந்து அவவைப் பிடித்தோம். அவ இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தா. ஏன் அக்கா பயமா என்று றிஸ்வான் பகிடியாகக் கேட்டான்.

"பயமில்லைத் தம்பி. உங்களுக்கு இறக்கத்தைக் கண்டால் சந்தோசம். எனக்குப் பின்னேரம் இதைத் திரும்பி ஏறவேணுமே எண்ட யோசினை."

அதுதான் அவ. பிறகு தெரிந்துகொண்டது எல்லாம் அந்த ஒரு வசனத்துக்குள் இருந்ததுதான்.

பள்ளத்தாக்கு என் ஆசை. மகாவலி ஆறு மலையை விட்டு இறங்கி வருகிற இடம் அது. ஆற்றுக்கு அங்கால சரணாலயம். இங்கால கிறவல் றோட்டு, வாய்க்கால், இடைக்கிடை காடு வெட்டிப் போட்ட சேனைப் பயிர். இரண்டு பக்கமும் மலை. வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படத்தில் அதன் ஒவ்வொரு வளைவையும் பெரிதாக்கிப் பார்த்துவைத்திருந்தேன். கீழ்முனையில் நுழைந்து மேல்முனையால் வெளியே வரவேணும் என்று ஒரு வெறி. லப்ரொப்பைத் தூக்கிக்கொண்டு பாலையூற்றில் இருந்த அக்கா வீட்டுக்கு ஓடினேன். விறாந்தைக் கதிரையில் என்னை இருத்தி, வெறுந்தேத்தண்ணி தந்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டா. ஏற்றம் எவ்வளவு, மண் எப்படி, எந்த ரயர் சரி, எந்த மாதம் தண்ணீர் குறைவு என்றெல்லாம் அடுக்கினேன். கடைசியில் அவ கேட்டது ஒரே கேள்வி.

"கம்பி எத்தின மணிக்குக் கட்டுவினம்?"

எனக்கு என்ன கம்பி என்றே தெரியாது. றிஸ்வான்தான் விசாரித்துச் சொன்னான். யானைக்கு ஆற்றின் இரண்டு கரையும் ஒன்றுதான். அதனால் ஊர் முடிகிற இடத்தில் மின்வேலி போட்டிருக்கிறார்கள். றோட்டுக்குக் குறுக்கே மட்டும் பகலில் திறந்திருக்கும். பொழுது சாய, ஊரார் முறைவைத்து வந்து, பிளாஸ்ரிக் பிடி போட்ட கம்பியை றோட்டுக்குக் குறுக்கே கொளுவிவிடுவார்கள். அதுக்குப் பிறகு கம்பிக்கு அங்கால நிற்கிறவர் விடியும்வரை யானையோடுதான் நிற்க வேணும்.

கீழ்முனைக் கம்பியைப் பார்த்துக்கொள்கிற கிழவரின் போன் இலக்கத்தை அக்கா எப்படியோ எடுத்தா. ஒவ்வொரு பயணத்துக்கும் முதல்நாளும் அன்று காலமையும் அவருக்கு எடுத்து, "மாமே, அத கீயட்டத?" என்று கேட்பா. இன்றைக்கு எத்தனை மணிக்கு என்பது. அவவுக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். அந்த மனிசன் சிரித்துக்கொண்டு நேரத்தைச் சொல்லுவார். நெல்லு விளைகிற காலம் என்றால் முந்திக் கட்டுவார். அந்த நேரத்திலிருந்து அக்கா பின்னுக்கு எண்ணத் தொடங்குவா. தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காத்து போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். அதில் மட்டும் அவவுக்குத் திருப்தி. எண்ணி எண்ணி, றோட்டை ஓர் ஓடை குறுக்கே கடக்கிற தாம்போதியில் வந்து நிற்பா. தண்ணீர் மேலால் ஓடுகிற தாழ்வான பாலம். பக்கத்தில் ஒரு பெரிய மருதமரம்.

"மருதமரத்தோட திரும்புவம்."

முதல்தரம் போனபோது மலை எங்களுக்கு முன்னால் நீலமாக எழும்பி நின்றது. தாம்போதிக்கு அங்கால ஒரு வளைவு. அந்த வளைவைத் தாண்டினால்தான் பள்ளத்தாக்கு விரியும் என்று எனக்குப் படத்தில் தெரியும். அக்கா மரத்தடியில் இறங்கி, போத்தலில் பாதித் தண்ணீர் குடித்து, மீதியைத் திரும்பிப் போவதுக்கு வைத்துக்கொண்டு, சைக்கிளைத் திருப்பினா. றிஸ்வான் வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். இரண்டாம்தரம் மழை. அடுத்ததரம் என் ரயரில் காத்துப் போய், ஒட்டி முடிய நேரம் போய்விட்டது. பிறகு ஒருதரம் எல்லாம் சரியாக இருந்தது. நேரம் மிச்சமாகவே இருந்தது. அப்பவும் மருதமரத்தோடு திரும்பினோம். மிச்ச நேரம் மிச்சமாகத்தான் இருக்க வேணும், அதைச் செலவழிக்கிறதுக்கு வைக்கிறதில்லை என்றா.

போய்வந்த களைப்பென்றால் படுத்து எழும்பினால் தீரும். இது போகாமல் வந்த களைப்பு. கால் உளைவு போனாலும் அந்த அலுப்பு போகாது. அடுத்த கிழமை திரும்பவும் விறாந்தை, திரும்பவும் வெறுந்தேத்தண்ணி, திரும்பவும் "மாமே, அத கீயட்டத?"

எப்பவும் பாதியில் திரும்புகிறதால் றிஸ்வான் அவவுக்கு யூ-ரேர்ன் அக்கா என்று பேர் வைத்தான். முகத்துக்கு நேரேயே கூப்பிடுவான்.

"யூ-ரேர்ன் எடுக்கிறபடியால்தான் தம்பி நீ உயிரோட இருந்து பகிடி விடுறாய்" என்று சொல்லிவிட்டு அவனுக்கு இன்னொரு பிஸ்கற் எடுத்துக் கொடுப்பா.

சைக்கிளில் மட்டுமில்லை, எதிலும் அப்படித்தான். மாதா கோயிலில் பூசைக்கு வந்தால் கடைசி வாங்கில், அதிலும் ஓரத்தில். சுவாமியார் பிரசங்கத்தில் கொஞ்சம் நீட்டினால் அவவின் கால் ஒன்று வெளியே வந்துவிடும். யாருடைய வீட்டுக்குப் போனாலும் சைக்கிளைக் கேற்றைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வருவா. றிஸ்வானின் தங்கச்சி கலியாணத்துக்குக் கிண்ணியாவுக்குப் போயிருந்தோம். பெண்கள் பக்கத்தில் நானும் அக்காவும், நாலைந்து பேர் ஒன்றாகச் சாப்பிடுகிற சகன் தட்டைச் சுற்றி இருந்தோம். சோறு வைக்கமுதலே அக்கா பக்கத்தில் இருந்த மனிசியிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டா. அந்த மனிசி, "முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க மகள், பஸ்ஸை நாங்க பிடிச்சு வைக்கிறம்" என்றா. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தா. ஆனால் நேரத்தைக் கேட்டு எடுத்துக்கொண்டுதான் சோற்றில் கை வைத்தா.

என் அம்மாவுக்கு மட்டும் அவவின் இந்தக் குணம் தங்கம். பொம்பிளைப் பிள்ளை யானைக் காட்டுக்குள் சைக்கிள் ஓடப்போகிறாள் என்றால் எந்தத் தாய் விடுவா? அக்கா கூடப் போகிறா என்றதால் விட்டா. அவ சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்து விடுவா என்று அம்மா அயலுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தா. ஒருநாளும் பிழைத்ததில்லை. எங்கள் கேற்றில் அவவின் மணிச்சத்தம் கேட்டபிறகு அம்மா மணிக்கூட்டைப் பார்த்து, தானே பார்த்து நல்ல சாமான் வாங்கி வந்த மாதிரி ஒரு பெருமையோடு உள்ளே போவா.

ஏன் இப்படி என்று நான் நேரே கேட்டதில்லை. அவவாக ஒருதரம் சொன்னா. வாய்க்கால் கட்டில் ரியூப்பைத் தண்ணீரில் அமத்தி ஓட்டை தேடிக்கொண்டிருந்த நேரம். அவவின் சொந்த ஊர் கட்டைபறிச்சான், கொட்டியாரக் குடாவுக்கு அந்தக் கரை. சண்டை வந்த நேரம் எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்டிருக்கிறார்கள்.

"ரெண்டு நாளில வந்திடலாம் எண்டுதான் சொன்னவை. அம்மா உழுந்து ஊறப்போட்டிட்டு வந்தவ."

தண்ணீரில் குமிழி வந்தது. "இந்தா, இதுதான் ஓட்டை. விரலை எடுக்காத" என்று ஒட்டுகிற பசையைத் தேடினா. எத்தனை நாளில் திரும்பிப் போனார்கள், என்ன மிச்சமிருந்தது என்று பிறகு அவ சொல்லவில்லை. அந்த ஒட்டு மட்டும் கடைசிவரை கழலவில்லை.

அடுத்த வெயில் காலத்தில் எனக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்தது. அந்தக் காலத்தில் ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் கதையே அதுதான், ஆருக்கு விசா வந்தது, ஆர் போய்விட்டார்கள் என்று. அக்காவிடம் சொன்னபோது நல்ல சந்தோசப்பட்டா. கையைப் பிடித்துக்கொண்டா. பிறகு கேட்டா:

"எப்ப திரும்பி வாறாய்?"

படிப்பு முடிய வேலை எடுக்க வேணும், அதுக்குப் பிறகு பார்ப்பம் என்றேன்.

"பார்ப்பமெண்டால்?"

திரும்பி வர டிக்கற்றும் சேர்த்துப் போடுறாய்தானே என்றா. அப்படி ஒருவரும் போடுறதில்லை அக்கா என்றேன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் இந்தக் கேள்வி வரும். ரயருக்குக் காத்து அடிக்கும்போது வரும். ரீயோடு பணிஸ் பிய்க்கும்போது வரும். நானும் ஒவ்வொரு முறையும் பார்ப்பம் என்பேன். கேள்வியிலும் சலிப்பு, பதிலிலும் சலிப்பு. இரண்டு பேருக்கும் அது பழகிப்போனது.

போகமுதல் பள்ளத்தாக்கை முழுசாக ஓடிவிட வேணும் என்பது என் பக்கத்துப் பிடிவாதம். அது கடைசி வெயில் காலம். மீண்டும் திட்டம், மீண்டும் மருதமரம்.

அன்றைக்கு வெயில் மண்ணை வறுத்துக்கொண்டிருந்தது. தாம்போதியில் தண்ணீர் கணுக்காலுக்கு. அக்கா போத்தலில் பாதியைக் குடித்து மூடியை இறுக்கினா. நான் இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றியபடி நின்றேன்.

"அந்த வளைவு மட்டும் அக்கா. பார்த்திட்டுத் திரும்புவம்."

அவ மணிக்கூட்டைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. றிஸ்வான் செயினைக் குனிந்து பார்த்தான்.

"நீ போகப்போற பிள்ளை" என்றா. "சரி. வளைவு மட்டும்."

வளைவுக்கு அங்கால பள்ளத்தாக்கு திறந்தது. இரண்டு மலைக்கும் நடுவில் ஆறு மணலைக் காட்டிக்கொண்டு கிடந்தது. எருமைகள் தண்ணீரில் கல்லுப்போலக் கிடந்தன. நான் படம் எடுத்தேன். றிஸ்வான் கத்தவேணும்போல இருக்கு என்று சொல்லிவிட்டுக் கத்தாமல் நின்றான். அக்கா சைக்கிளைத் திருப்பிப் பிடித்தபடிதான் பார்த்தா. அதிக நேரம் இல்லை. திரும்பி வளைவுக்கு வந்தபோது தாம்போதியில் யானைகள். வறட்சிக்குத் தண்ணீர் தேடி வழமையைவிட முந்தி இறங்கியிருக்கின்றன. குட்டிகளும் இருந்தன. ஒன்று மருதமரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

பின்வாங்கி, வளைவுக்கு இந்தப் பக்கம் நின்று காத்திருந்தோம். யானைக்கு என்ன அவசரம். குட்டிகள் தண்ணீரில் படுத்தன. அக்கா மணிக்கூட்டைப் பார்ப்பா, வளைவில் எட்டிப் பார்ப்பா, போனைத் தூக்கிப் பார்ப்பா. சிக்னல் இல்லாமல் போனுக்கு அங்கே உயிரில்லை. கீழே கிழவர் கம்பியோடு நிற்பார். லொறிக்காரன் நிற்பான். உப்புவெளியில் அம்மா நிற்பா. எல்லோரும் அவ சொன்ன நேரத்தை நம்பி நிற்கிறார்கள். அந்த நேரம் எங்களுக்கு முன்னாலேயே கடந்து போனது.

"முன்னால போவம் அக்கா" என்றான் றிஸ்வான், கெஞ்சுகிற குரலில். "பின்னால ஏலாது."

"முன்னுக்கு என்ன இருக்கு?"

நான் சொன்னேன். பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில் ஊர் இருக்கு. தகரக் கூரைகள் இருக்கு, ஒரு சின்னக் குளம் இருக்கு, அதுக்குப் பிறகு றோட்டு மலையில் ஏறுது.

"அங்க எத்தின மணிக்குக் கம்பி கட்டுவினம்?"

கூரைகளின் நிறம்கூட எனக்குத் தெரியும். அது தெரியாது. தெரியாது என்றேன்.

அக்கா தலையாட்டினா. ஏசவில்லை. அந்த வளைவு வேணாம் என்று தான் சொல்லியிருக்க வேணும் என்ற மாதிரி ஒரு முகம். சைக்கிளை மலையைப் பார்த்துத் திருப்ப அவவுக்கு அவ்வளவு நேரம் எடுத்தது. நான் முன்னுக்கு, றிஸ்வான் கடைசியில், அவ நடுவில். கச்சான் முகத்தில் அடித்தது. ஆசைப்பட்ட றோட்டு முழுவதையும் அன்றைக்குத்தான் ஓடினேன். ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தால், அவ தனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு வருவா.

மேல்முனைக்கு வந்தபோது கம்பி கொளுவியாயிற்று. அங்கால முற்றத்தில் ஒரு மனிசி உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றா. றிஸ்வான் சிங்களத்தில் கூப்பிட்டான். மனிசி எங்களைக் கண்டதும் உடுப்பைக் கொடியில் திரும்பப் போட்டுவிட்டு, நீட்டமாக ஏசியபடி வந்தா.

"என்னவாம்?" என்றேன்.

"யானைக்கு இரவுச் சாப்பாடு கொண்டுவந்த நீங்களா எண்டு கேட்கிறா."

ஏசியபடியே பிடியைப் பிடித்துக் கம்பியைக் கழற்றினா. நாங்கள் நுழைந்ததும் திரும்பக் கொளுவினா. அந்தச் சின்னச் சத்தம் கேட்டதும் அக்கா சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு முற்றத்துக் கதிரையில் இருந்துவிட்டா. சைக்கிளைக் கீழே போடுகிற ஆள் இல்லை அவ.

"இனி வீட்டுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டா.

வந்த றோட்டு அடைபட்டுவிட்டது. மலையில் ஏறி, அங்கால இறங்கி, ஊரெல்லாம் சுற்றித்தான் திருகோணமலைக்குப் போகலாம். போனில் காட்டினேன். வழக்கம்போல வீட்டைத் தன் மடிப்பக்கம் திருப்பினா. றோட்டு அவவை விட்டு எதிர்ப்பக்கம் ஓடியது. மற்றப் பக்கம் திருப்பினா. றோட்டு மடிக்கு வந்தது, வீடு தூரப் போனது. கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் தந்தா.

அந்த ஊரில் கொஞ்சம் மேலே ஏறினால் போனுக்கு உயிர் வந்தது. அக்கா முதலில் எடுத்தது கீழ்முனைக் கிழவருக்கு. "மாமே" என்றா. அதுக்குமேல் அவவிடம் சிங்களம் இல்லை. றிஸ்வான் வாங்கிக் கதைத்தான். கிழவர் எங்களுக்காகக் கம்பியைக் கட்டாமல் வைத்துக்கொண்டு நின்று, ஊராரிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். அதை றிஸ்வான் சொன்னதும் அவ முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா. பிறகு என் அம்மாவுக்கு எடுத்தா. எடுத்ததும், "நான்தான். பிள்ளை சுகம். நேரம் பிழைச்சுப் போட்டுது" என்றா.

அந்த மனிசி வீட்டில்தான் தங்கினோம். விடிய நான் எழும்பி வந்தபோது அக்கா கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு, கீழே ஆறு போகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"இந்தத் தண்ணி எங்க போகுது எண்டு உனக்குத் தெரியும்தானே?"

கொட்டியாரக் குடாவுக்கு என்றேன். புத்தகத்தில் படித்த பதில்.

"எங்கட ஊருக்கு" என்றா அவ. லொறி மலையைச் சுற்றி வந்து சேர மத்தியானமாகும். "அடுத்த முறை இங்கயிருந்து வெளிக்கிடுவம் பிள்ளை. லொறியில இதுவரைக்கும் வருவம். பிறகு ஆறு போற பக்கம் ஓடுவம். அப்ப முழுக்கத் திரும்பி வாறதுதானே. எந்த இடத்தில திரும்புறது எண்ட கதையே இல்லை."

அன்றைக்கு எங்கள் வீட்டுக் கேற்றில் அவவே வந்து நின்றா. என்னை ஏசுங்கோ என்று அம்மாவிடம் சொன்னா. அம்மா ஏசுவதுக்கென்றுதான் வாசலுக்கு வந்தவ. அவவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கு வாங்கோ, வத்திப்போய் நிக்கிறீங்கள்" என்று தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனா.

நான் பிளேன் ஏறுகிற கிழமைக்கு முதல் கிழமை அந்தப் பயணம் நடந்தது. அம்மா இந்தமுறை நேரம் கேட்கவில்லை. மேல்முனை ஊரில் அந்த மனிசி எங்களைக் கண்டு, இந்தமுறை பகலில் வந்திருக்கிறீர்களே என்று சிரித்தா. அவவின் கம்பிக்கு இங்கால இருந்து சைக்கிளில் ஏறினோம். முதுகில் கச்சான். நான் முன்னுக்குப் போவேன் என்று நினைத்தேன். அக்கா போய்விட்டா. பிரேக்கை விட்டு இறங்கினா. சாறித் தலைப்பு இடுப்பிலிருந்து கழன்று பறந்தது. மருதமரத்தில் நிற்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. றிஸ்வான் பின்னாலிருந்து, "யூ-ரேர்ன் அக்கா, உங்கட மரம்" என்று கூப்பிட்டான். கையைத் தூக்கி ஆட்டிவிட்டுப் போனா. கீழ்முனையில் கிழவருக்குக் கருவாட்டுப் பொதி ஒன்று கொண்டுவந்திருந்தா. அவர் அதை மணந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். இருவருக்கும் கதைக்கப் பொதுவாக ஒரு கேள்விதான் இருந்தது. அதை அன்றைக்கு அவ கேட்கவில்லை.

சரணாலயம் மறிக்கிற இடங்களில் பெரிய றோட்டால் சுற்றினோம். வழியில் றிஸ்வானின் மாமி வீட்டில் தங்கி, சேருவிலப் பக்கத்தால் வந்து, ஒரு பின்னேரம் கட்டைபறிச்சானில் இறங்கினோம். உப்புக் காத்து. குடாவுக்கு அந்தக் கரையில் எங்கள் மலை, எங்கள் ரவுண். எனக்குத் தொடை இரண்டும் மரத்துப்போயிருந்தன. ஆசைப்பட்டது எல்லாம் முடிந்ததும் வருகிற வெறுமை ஒன்று இருக்கிறதே, அதுவும் கூட. அக்கா தன் தங்கச்சி வீட்டு வேலியில் சைக்கிளைச் சாத்தினா. கேற்றைப் பார்த்துத் திருப்பி வைக்கவில்லை.

"நான் இங்க நிக்கிறன்" என்றா. "நீங்கள் ரெண்டுபேரும் போங்கோ."

"யூ-ரேர்ன் இல்லையா?" என்றான் றிஸ்வான்.

"வந்து சேர்ந்த இடத்தில என்னத்துக்கு யூ-ரேர்ன்?"

என் சைக்கிளைப் பிடித்து முன் ரயரை அமத்திப் பார்த்தா. பின் பிரேக்கைப் பார்த்தா. ரியூப்பில் அந்தப் பழைய ஒட்டு இன்னும் நிற்குதா என்று கேட்டா. நிற்குது என்றேன். என் ஹெல்மற்றின் வாரைத் தானே இறுக்கினா. அவவின் விரலில் செயின் எண்ணெய் மணத்தது. றிஸ்வான் முன்னால் நகரத் தொடங்கினான்.

நான் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். அந்தக் கேள்விக்காக நின்றேன். இத்தனை மாதம் கேட்டதுதானே, வாசலில் வைத்தும் கேட்பா என்று நின்றேன்.

"சரி பிள்ளை, வெளிக்கிடு" என்றா. "இருட்டமுதல் கிண்ணியாப் பாலம் தாண்டவேணும்."

இங்கே நான் இருக்கிற ஊர் தட்டை. மலையும் இல்லை, கிறவலும் இல்லை. வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் இருந்து, போனில் அந்தப் பள்ளத்தாக்கைத் திறந்து, தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறேன். வீடு என் மடிப்பக்கம் வருகிறது. எப்ப திரும்பி வாறாய் என்று அவ அன்றைக்குக் கேட்டிருந்தால் வாய்க்கு வந்த ஏதோ ஒரு நேரத்தைச் சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால், அதிலிருந்து பின்னுக்கு எண்ணத் தொடங்கியிருப்பேன்.